வாடை இறங்கும்வரை

பெங்களூரிலிருந்து வரும் பஸ் எல்லைச் சாவடியில் நின்றதும் ஒரு போலீஸ்காரர் ஏறுவார். ஆண்களின் முகத்தருகே குனிந்து, "ஊது" என்பார். பெரிய மீசைக்காரர்களும் தலைப்பாகை கட்டிய கவுடர்களும் அடுப்பு ஊதுகிற பெண்களைப் போலக் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவார்கள். ஓசூருக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து முந்தானைக்குள் சிரித்தேன். பிறகு ஒரு நாள் அதே பஸ்ஸில், அந்தப் போலீஸ்காரர் எங்கள் இருக்கைக்கு வருவதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது.

திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். அங்கேயும் மதுவிலக்குத்தான். ஆனால் அங்கே குடிக்கிறவன் உடைமரக் காட்டுக்குள் ஒளிய வேண்டும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. ரோட்டோரம் ஒரு கல் நட்டிருக்கிறது. அதற்கு அப்பால் மைசூர் ராஜ்யம், சாராயக் கடை, யாருக்கும் பயமில்லை. இப்பால் வாயில் வாடை அடித்தாலே கேஸ். அதனால் எங்கள் கல் குவாரி ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை கூலி வாங்கியதும் கல்லைத் தாண்டுவார்கள். குடித்துவிட்டு அங்கேயே ஒரு மாந்தோப்புக் கொட்டகையில் படுத்து, வாடை இறங்கிய பிறகுதான் திரும்புவார்கள். பெண்டாட்டிமாரும் இதை ஏதோ விரதம் போல ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஊரில் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. இந்த ஊர் அவருக்குக் கன்னடத்தையும் சாராயத்தையும் ஒன்றாகக் கற்றுக்கொடுத்தது.

குவாரியில் அவருக்கு உளி தீட்டும் வேலை. ஒரு நாள் உருண்டு வந்த கல் ஒன்று வலது பாதத்தின் ஓரத்தை நசுக்கிவிட்டது. கூட இருந்தவர்கள் சீமெண்ணெயில் துணியை நனைத்துக் கட்டி அனுப்பினார்கள். நான் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தேன். ஊரில் எத்தனையோ புண் அதில் ஆறியிருக்கிறது, இது ஆறவில்லை. கால் பூசணிக்காயாக வீங்கியது. சீழ் வைத்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து பல் கிட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார்.

டாக்டர் புண்ணைக் கீறிக் கழுவிவிட்டு, பென்சிலின் ஊசி எழுதினார். அந்தப் பெயரைக் கேட்டாலே பாதி நோய் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. தினமும் வந்து ஒரு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், நடுவில் விடக் கூடாது என்றார். பிறகு என் வீட்டுக்காரரின் கண்களைப் பார்த்து, "குவாரி ஆளா? ஊசி முடியற வரைக்கும் குடிக்கக் கூடாது. குடிச்சிட்டு வந்து ஊசி போட்டுக்கவும் கூடாது, தெரிஞ்சுதா?" என்றார். இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலத் தலையாட்டினார்.

ஊசி விழ விழ வீக்கம் வற்றியது. காய்ச்சல் நின்றது. அவரே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார். சனிக்கிழமை கூட்டாளிகள் வந்து கூப்பிட்டபோது, பாக்கிக் கூலியை வாங்கிக்கொண்டு அப்படியே ஊசியும் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவர், அன்று வரவில்லை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் என்னைப் பார்த்ததும் கடிந்துகொண்டார்.

"என்னாம்மா, உங்க வீட்டுக்காரரு நேத்தும் வரல, இன்னிக்கும் காணோம். நடுவுல உட்டா புண்ணு திரும்பிக்கும், ஆமா."

பக்கத்து வீட்டுப் பாப்பம்மா, தன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். என்னிடம் தமிழ் பேசுவாள். "வாடை எறங்காம யாரும் வரமாட்டாங்கம்மா. சாயந்தரம் வந்துருவாரு, நீங்க சும்மா இருங்க" என்றாள். அவளுக்கு அது எல்லா ஞாயிற்றுக்கிழமையையும் போல ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்படியில்லை. நெறி கட்டிய இடத்தை என் கையால் தடவிப் பார்த்தவள் நான். பஸ் ஏறினேன்.

எல்லைக்கு அப்பால் அதுவரை நான் தனியாகப் போனதில்லை. சாராயக் கடை வாசலில் நின்று அவர் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புருஷனை இழுத்துப்போக வரும் பெண்கள் அவருக்குப் புதிதல்ல போலிருக்கிறது. "நின்ன கண்ட இல்லில்லம்மா, ஹோகு" என்றார். உன் புருஷன் இங்கே இல்லை, போ என்கிறார் என்பது புரிந்தது. சண்டை போட வரவில்லை என்று தமிழில் எவ்வளவு சொல்லியும் அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் என் பாதத்தைத் தூக்கி, ஓரத்தைத் தொட்டுக் காட்டி அழுதேன். அவர் முகம் மாறியது. தானே முன்னால் நடந்து, தோப்புக் கொட்டகையைக் காட்டினார்.

சாக்கின் மேல் கிடந்தார். கூட்டாளிகள் வாடை இறங்கி அவரவர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டை அவிழ்த்தேன்; ஓரத்து இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. கணுக்காலிலிருந்து சிவப்பாக ஒரு கோடு மேலே ஏறியிருந்தது.

"ஊசிக்கு ஏன் போகலை?" என்றேன்.

"எப்படிப் போக? டாக்டரு என்ன சொன்னாவ? குடிச்சிட்டு ஊசி போடக் கூடாதுன்னு சொன்னாவல்லா. அதான் போடலை. வாடை போகட்டும்னு கெடக்கேன்." ஏதோ கட்டுப்பாடாக நடந்துகொண்டவர் போலச் சொன்னார். "சொன்ன சொல்ல மீறலை, ஏளா."

அழுவதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. டாக்டர் குடியை நிறுத்தச் சொன்னார்; இவர் மருந்தை நிறுத்தியிருக்கிறார். குவாரி முழுக்க இதே கணக்குத்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கூலி நாளில் எந்த மாத்திரையையும் யாரும் தொடுவதில்லை. அதை அவர்கள் எச்சரிக்கை என்று நினைத்தார்கள்.

புறப்பட மாட்டேன் என்று அடம்பிடித்தார். "காலைலயும் கொஞ்சம் குடிச்சேன், வலி தாங்கலை. சாவடில பிடிச்சு உள்ள போட்டுருவான்." கால் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கடைக்காரரும் நானுமாகத் தாங்கிப் பிடித்து அவரைப் பஸ்ஸில் ஏற்றினோம்.

சாவடியில் போலீஸ்காரர் ஏறினார். ஒவ்வொருவராக ஊதிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் திருநெல்வேலியில் இருந்தன. அங்கிருந்து அவை வந்து சேர நேரம் போதாது. எங்கள் பக்கம் குனிந்தவர் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார். புண்ணின் நாற்றம் அப்படி. சாராய வாடை அதற்குள் அடங்கிப்போயிருந்தது. "கொண்டுபோம்மா, சீக்கிரம் கொண்டுபோ" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்தபடி, "குடிச்சானா?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஆமென்றால் போலீஸுக்குச் சொல்வார்களோ, ஊசி இல்லை என்று திருப்பி அனுப்புவார்களோ என்று பயம். இல்லையென்றால், குடித்த உடம்பில் ஊசி ஏறி ஆளையே கொன்றுவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"குடிச்சிருக்காங்க ஐயா. இன்னைக்குக் காலைல கூட."

டாக்டர் நிமிரவே இல்லை. "குடிச்சது தப்பு. அதுக்காக ஊசிய உட்டது அதைவிடப் பெரிய தப்பு. இனிமே குடிச்சாலும் வந்து நில்லு, திட்டு வாங்கிக்கிட்டு ஊசி போட்டுக்க" என்றார். ஊசி ஏறியது. அவர் சாகவில்லை. கால் பிழைத்தது. கறுத்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

விரல்களை என்ன செய்தீர்கள் என்று கம்பவுண்டரிடம் கேட்டேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் புதைத்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் தாமிரபரணிக் கரையில்தான் எரிந்திருக்கிறார்கள்.

தையல் பிரித்த அன்று, "இந்த ஊரே வேண்டாம். நம்ம ஊருக்கே போயிருவோம்" என்றேன். அவர் கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துப் பார்த்தார்.

"போவோம். ஆனா ஒரேயடியா எப்படிளா போக? என்னைய இங்க புதைக்க ஆரம்பிச்சிட்டாங்கல்லா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னும் இங்கேதான் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் புறப்படுகிறோம். சேலம் பஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பின்சுவரைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். வீட்டில் யாரையோ தனியாக விட்டுவிட்டுக் கிளம்பியது போல இருக்கும்.