அக்கா கேட்காமல் விட்ட முடிவு

புத்தகம் எதுவானாலும் அக்கா முதலில் அதைக் குப்புறப் போடுவார். கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியில் விரல்களைத் துடைத்துக்கொள்வார். பிறகு கடைசித் தாளை மட்டும் கட்டைவிரல் நகத்தால் நெம்பித் திறந்து, மற்ற பக்கங்கள் எழுந்து வந்துவிடாதபடி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, அவசரமே இல்லாமல் படிப்பார். முடிந்ததும் "ம்" என்று ஒரு சத்தம். வாடிக்கையாளரின் காதில் பிரேம் சரியாக உட்கார்ந்ததும் வருகிற அதே "ம்". அப்புறம்தான் புத்தகத்தைத் திருப்பி முதல் பக்கத்துக்கு வருவார்.

இதனால் எங்கள் கண்ணாடிக் கடை முதலாளி அவருக்கு வைத்த பெயர் கடைசிப்பக்கம். "கடைசிப்பக்கம், அந்தக் கறுப்பு பிரேம எடும்மா" என்பார். அக்காவும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பார்.

கடை நீளமானது, அகலம் கிடையாது. இரண்டு பக்கச் சுவரிலும் பிரேம்கள். நடுவில் அக்காவின் மேசை. அதன்மேல் ஒரு வட்டக் கண்ணாடி, பிரேமைச் சூடுகாட்டி வளைக்கிற பெட்டி, விரல் நீளத் திருப்புளிகள். அதற்குப் பின்னால் கதவில்லாத அறையில் நானும் லென்ஸ் வெட்டும் இயந்திரமும். இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஓடும்போது எனக்கு எதுவும் கேட்காது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்கும்.

காத்திருப்பவர்களுக்காகச் சுவரில் ஒரு டிவி உண்டு. சத்தத்தை முதலாளி நிறுத்தி வைத்திருப்பார். அந்தக் குறையை அக்கா தீர்த்துவைப்பார்.

"இந்த மாமியார் டம்ளர்ல எதையோ கலந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க. இன்னும் மருமக கைக்கு வந்து சேரல. அந்த விஷமே இதுக்குள்ள சலிச்சுப் போயிருக்கும்."

"இவன் போட்டிருக்கறது வெறும் கண்ணாடி. ஓரத்துல கன்னம் கொஞ்சமாவது உள்ள தள்ளித் தெரியுதா பாருங்க. துளி பவர் இல்லாம இவன் எப்படிங்க ராத்திரி பகலா படிச்ச விஞ்ஞானி?"

பாட்டுப் போட்டியில் நடுவர் கண்ணைத் துடைத்தால், "போன வாரமும் இந்தம்மாதான் அழுதாங்க. இந்த வாரம் பக்கத்து ஆளுக்கு சான்ஸ் குடுங்கப்பா."

இயந்திரத்தின் ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் நான் வைத்திருந்த கவிதைத் தொகுப்பையும் ஒருநாள் எடுத்துப் பார்த்தார். "தம்பி, கடைசிப் பக்கத்துல படிச்சேன், நடுவுல படிச்சேன், முதல்லயும் படிச்சேன். எங்க போனாலும் ஒரு மூடின ஜன்னல்தான் இருக்கு. யாராவது திறக்கறாங்களா இல்லையா?"

"திறக்க மாட்டாங்கக்கா."

"அப்ப நீயே வச்சுக்க."

ஒரு படத்துக்குப் போவதென்றால், ஏற்கெனவே பார்த்தவர்களிடம் அக்கா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "யாராவது சாகறாங்களா?" சாகிறார்கள் என்றால் யார், எப்போது, எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு நிம்மதியாகப் போவார். முடிவு தெரிந்துவிட்டால் என்ன சுவாரஸ்யம் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்கு, அவருடைய காதுக் கம்பியை வளைத்துக்கொண்டே சொன்னார்: "யாரு போகப் போறாங்கன்னு தெரிஞ்சா, அவங்க வர்ற சீன்ல கொஞ்சம் கூடுதலா பாத்துக்கலாம்ல. தெரியலைன்னா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசிட்டே விட்டுடுவோம்."

இதற்கு நேர்மாறான ஆள் ஒருவர் தினமும் கடைக்கு வந்துபோனார். நாங்கள் வெட்ட முடியாத கடினமான பவர் லென்ஸ்களைக் கிடங்கிலிருந்து ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுப்பவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, கழற்றாமலே திரும்பிப் போவதால் அவர் பெயரே ஹெல்மெட் ஆகிவிட்டது. துப்பறியும் நாவல்களும் கொலைத் தொடர்களும் அவருக்கு உயிர். ஆனால் முடிவை யாராவது சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை டக்கென்று கீழே இறக்கிவிடுவார்.

"அந்தத் தொடர்ல கொன்னது யாருன்னு தெரியுமா? அவனோட..." என்று அக்கா வேண்டுமென்றே ஆரம்பிப்பார்.

டக்.

"அவனோட பக்கத்து வீட்டு..."

"கேக்கல, கேக்கல" என்று உள்ளிருந்து குரல் வரும். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போய்விடுவார். ஒருமுறை அப்படிப் போய்க் கண் பரிசோதனை எழுத்துப் பலகையில் மோதினார்.

அவர் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த பிறகு அக்கா தனியாக இருந்தார். முதலாளியின் மனைவிதான் முதலில் பேச்சை எடுத்தார். அதன் பிறகு ஹெல்மெட்டே ஒரு காலையில், பெட்டியை மேசையில் வைத்த கையை எடுக்காமல், "நீங்க சரின்னா, மிச்ச காலத்துக்கு நாம சேந்து இருக்கலாம்" என்று கேட்டுவிட்டார். அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அன்றைக்கு நான்கு லென்ஸ்களை இடம் மாற்றிப் போட்டார். சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார். "பிடிக்காம இல்லடா தம்பி. நல்ல மனுஷன். ஆனா இதுல கடைசிப் பக்கம் எங்கடா இருக்கு? நான் எதைப் பாத்துட்டு சரின்னு சொல்றது?"

நான் இயந்திரத்தைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஹெல்மெட் வந்தபோது அக்கா பிரேம் ஒன்றைச் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். "ஒண்ணு கேக்கறேன். படத்தோட முடிவ சொன்னா உங்களுக்கு என்ன அப்படி உயிரா போயிடுது?"

ஹெல்மெட் முன்கண்ணாடியை முழுவதுமாக மேலே தூக்கினார்.

"என் வீட்டுக்காரிக்கு எத்தனை மாசம்னு டாக்டர் முன்கூட்டியே சொல்லிட்டாருங்க. நல்ல டாக்டர்தான். மறைக்கக் கூடாதுன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் அவ சிரிச்சா எனக்கு அது சிரிப்பா தெரியல. இன்னும் எத்தனை சிரிப்புன்னுதான் தெரிஞ்சுது. அவ பாட்டுக்கு உக்காந்து காய் நறுக்கிட்டிருப்பா, நான் பாட்டுக்கு நாள எண்ணிட்டிருப்பேன். கூட இருந்த காலத்தையெல்லாம் எண்ணியே தீத்துட்டேன்."

சூட்டுப் பெட்டியில் பிரேம் இளகி, வாடிய இலைபோலத் தொங்கிவிட்டது. அக்கா கையில் ஒரு பொருள் கெட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"ஞாயித்துக்கிழமை ஒரு படத்துக்குப் போலாம்" என்றார் ஹெல்மெட். "என்ன ஆகுதுன்னு யார்கிட்டயும் கேக்காம வாங்க. வந்து உக்காந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

"என்ன சொல்லணும்? படம் எப்படின்னா, நீங்க எப்படின்னா?"

"ரெண்டும்தான்."

டிக்கெட் எடுக்கிற பொறுப்பை முதலாளி ஏற்றுக்கொண்டார். அவருக்குப் படம் என்றால் பாட்டு எத்தனை, இருக்கை எப்படி, அவ்வளவுதான். புதிதாக வந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு குடும்பப் படத்துக்கு எடுத்துவிட்டார். போஸ்டரில் ஒரு கணவனும் மனைவியும் ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் கடையில் ஊரடங்கு மாதிரி இருந்தது. டிவியில் அந்தப் படத்து நடிகை பேட்டி கொடுக்க வந்தால் முதலாளி சானலை மாற்றுவார். வாடிக்கையாளர் யாராவது "நேத்து ஒரு படம்" என்று வாயைத் திறந்தால், "மேல பாருங்க, கீழ பாருங்க, எழுத்து தெரியுதா?" என்று அடக்கிவிடுவார். அக்கா விரதம் இருப்பவர்போல நடமாடினார். யார் வந்தாலும் அவர் உதடு ஒரு கேள்விக்குத் தயாராவதும் மூடிக்கொள்வதும் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை கடையைச் சாத்துகிற நேரத்தில் கேட்டார். "நீ பாத்துட்டியா தம்பி?"

"இல்லக்கா."

"பாத்திருந்தா சொல்லியிருப்பியா?"

"நீங்க கேட்டா சொல்லிடுவேன்க்கா."

"தெரியும். அதான் கேக்கல" என்று பையை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை எப்போதும்போல வந்தார். மேசையைத் துடைத்தார். திருப்புளிகளை வரிசையாக அடுக்கினார். முதலாளி என்னைப் பார்த்தார், நான் முதலாளியைப் பார்த்தேன். இரண்டு பேருமே கேட்கவில்லை.

பத்து மணிபோல மூக்குப் பட்டை உடைந்துபோன ஒருவர் வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். போஸ்டரில் ஸ்கூட்டரில் போகிற படத்தைக் குடும்பத்தோடு பார்த்தாராம். "முதல் பாதி சுமாருங்க. ரெண்டாவது பாதியில ஆஸ்பத்திரில சேக்கறாங்கல்ல, அதுக்கப்புறம்தான் இருக்கு. கடைசில அவன் என்ன ஆகறான்னு..."

"சார்" என்றார் அக்கா. "சொல்லாதீங்க."

என் கை இயந்திரத்தை நிறுத்திவிட்டது. முதலாளி எழுதிக்கொண்டிருந்த பேனாவோடு நிமிர்ந்தார். அந்த வார்த்தையை அக்கா வாயிலிருந்து அந்தக் கடை கேட்டதே இல்லை.

"ஏங்க, பாக்கப் போறீங்களா?"

"பாதி பாத்தாச்சு. மீதி வேணாம். தலைய கொஞ்சம் நிமித்துங்க."

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே என்னிடம் சொன்னார்.

"இடைவேளை வரைக்கும் சிரிப்புதான்டா. அப்புறம் அவனுக்கு நெஞ்ச பிடிச்சுக்குது. ஆஸ்பத்திரி, குழாய், எல்லாம். ஒரு டாக்டர் அந்தப் பொண்டாட்டிய தனியா கூப்பிட்டு, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்கன்னு சொல்றாரு. எனக்குக் கை பரபரங்குது. படத்த ஏற்கெனவே பாத்த தங்கச்சிக்கு ஒரு போன் போட்டா சொல்லிடுவா. பைக்குள்ள கைய விட்டுட்டேன்னு வச்சுக்கயேன். அப்படியே திரும்பினா இவரு, ஹெல்மெட்ட மடியில வச்சு ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுட்டிருக்காரு. முகமெல்லாம் ஈரம். எழுந்து வெளிய போலாம்னு கூட தோணல அந்த மனுஷனுக்கு. அந்த டாக்டர் வாயத் திறக்கறதுக்குள்ள நான் எழுந்துட்டேன். வாங்க போலாம்னேன். படம்ங்கறாரு. படம் எங்க ஓடிப் போகுது, வாங்கன்னு கைய பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, டீக்கடை. திடீர்னு, அந்த ஹீரோவோட மாமனார் விக்கு ஒவ்வொரு சீன்லயும் ஒவ்வொரு பக்கம் இருந்துச்சே, பாத்தீங்களாங்கறாரு. நானும் அத்தனை நேரம் அதைத்தான்டா பாத்துட்டிருந்தேன்! சிரிச்ச சிரிப்புல டீய சட்டையில ஊத்திக்கிட்டாரு."

சொல்லும்போதே அக்காவுக்குச் சிரிப்பு வந்து, ஒரு வாய்ச் சாப்பாடு கையிலேயே நின்றது.

"முடிவ கேக்கணும்னு இல்லையாக்கா?"

"இல்லாம என்ன, பல்வலி மாதிரி இருக்கு. ஆனா நான் தெரிஞ்சுக்கிட்டா, தெரிஞ்ச முகத்தோடதான் அவர் பக்கத்துல உக்காரணும். அது அந்த ஆளுக்குத் தெரிஞ்சு போயிடும்டா."

நான்கு மணிக்கு ஹெல்மெட் வந்தார். பெட்டியை வைத்தார். சரிபார்த்து வாங்கிக்கொண்ட அக்கா, அவரை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "உங்க வீட்டு டிவி பெருசா, எங்க வீட்டு டிவி பெருசா?"

"எங்க வீட்டுதா? சுமாரா இருக்கும். ஏன்?"

"ஒரு வீட்டுல எதுக்கு ரெண்டு டிவி? சின்னத யாருக்காவது குடுத்துடலாம்னு பாக்கறேன்."

ஹெல்மெட்டுக்குப் புரியவில்லை. அளவு சொல்வதற்காகக் கைகளை விரித்துக்கொண்டே நின்றார். முதலாளிக்குத்தான் முதலில் புரிந்தது. "யோவ், சரின்னு சொல்றாய்யா!" என்று அவர் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினார். விரித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹெல்மெட் அப்படியே நின்றதும், அக்கா ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்ததும் என் அறையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் கேட்டது.

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் நானும் முதலாளியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அக்கா வீட்டு டிவிதான் சின்னது. அது நான் தங்கியிருக்கிற அறைக்கு வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போனால், டிவிக்கு முன்னால் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். கதை ஒரு பக்கம் போக, இவர்கள் நடிகர்களின் விக்கையும் மூக்கையும் பற்றி வேறொரு பக்கம் போவார்கள். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை. எனக்குத் தெரிந்து இருவரும் அதன் மிச்சத்தைப் பார்க்கவில்லை.

போன வாரம் அதை டிவியில் போட்டார்கள். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மனைவி உட்கார்ந்தாள். தியேட்டரில் அவர்கள் இரண்டு பேரும் எழுந்துபோனது அந்த நிமிடத்தில்தான். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்லம்மா, வெறும் வாயுப் பிடிப்பு. நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்கிறார். அதற்குப் பிறகு மீதிப் படம் முழுக்கச் சிரிப்புத்தான்.