மூன்று தட்டுகளில் ஆங்கிலம்

என் மனைவி முதல் தடவை ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் போனபோது அவளுக்குக் காட்டிய படம் ஒரு பிறந்தநாள் விழா. ஒரு நிமிடம் படத்தைப் பார்க்கலாம், அடுத்த ஒரு நிமிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். அவளும் பேசினாள். பலூன்களில் ஒன்றுக்குக் காற்று குறைவு என்றாள். கேக் இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்றாள். அப்பாவின் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தானைக் காணோம் என்றாள். அது பிறந்தநாள் விழா என்பதை மட்டும் கடைசி வரை சொல்லவே இல்லை. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று எனக்குக் கிடைத்தது ஆறிப்போன ரசமும் அதைவிட ஆறிப்போன ஒரு பார்வையும்தான்.

அவள் மேல் தப்பில்லை. பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினான்கு வருடங்களாக அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. அரிசி மணியைவிடச் சின்னப் பாகங்களை ‘ஸ்கோப்’ என்று அவர்கள் சொல்லும் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்லதாக இருக்கும் பொருளுக்கு அந்தத் தொழிலில் பேச்சே கிடையாது. பேசாமல் நகர்த்திவிட வேண்டும். குறை இருந்தால்தான் வாய் திறக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை வந்தால் மற்றவர்கள் மாப்பிள்ளை பெயரைப் பார்ப்பார்கள், இவள் மஞ்சள் ஒருபக்கம் அதிகமாகத் தடவியிருப்பதைப் பார்ப்பாள். அந்தக் கண்ணோடு போய்ப் பிறந்தநாள் விழாவைப் பார்த்தால் பொத்தான்தான் தெரியும்.

இரண்டாவது தடவை வந்தது பூங்கா படம். இந்த முறை உஷாராக, ‘இது ஒரு பூங்கா’ என்று சரியாகவே தொடங்கியிருக்கிறாள். பிறகு, “ஒன் அங்கிள் இஸ் சிட்டிங் ஆன் த பெஞ்ச்” என்றிருக்கிறாள். தேர்வு நடத்திய வெளிநாட்டுப் பெண்மணி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு, “அவர் உன் மாமாவா? உனக்குத் தெரிந்தவரா?” என்று கேட்டுவிட்டார். இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் அந்தப் பூங்காவில் யாரும் நடக்கவில்லை, ஓடவில்லை.

“அறுவது வயசு ஆளப் பாத்து ‘மேன்’னு சொல்லச் சொல்றாங்களே, வாய் வருமா?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். நியாயம்தான். எங்கள் ஊரில் மீன் விற்பவர் அண்ணன், பேருந்து ஓட்டுபவர் அங்கிள், கிளினிக்கில் சீட்டு எழுதுபவர் அக்கா. உறவு சொல்லாமல் ஒருவரைச் சுட்டினால் அது கிட்டத்தட்ட ஏச்சு. படத்தில் இருப்பவராக இருந்தால் என்ன, பெரியவர் பெரியவர்தானே என்பது அவள் கட்சி.

தேர்வு இதோடு போயிருந்தால் நானும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் கம்பெனி கைமாறியதிலிருந்து, சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் அந்தப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும், மூன்று வாய்ப்புக்குமேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு மிச்சம் ஒன்றுதான். அதற்கிடையில் கிளினிக் டாக்டர், கண்ணுக்கு அலுப்பு அதிகம், ஸ்கோப் வேலையை விட்டாக வேண்டும் என்றார். அப்படித்தான் அவள் வந்து என்னிடம் சொன்னாள். தேறினால் ஸ்கோப்பிலிருந்து எழுந்து ஆட்களை மேய்க்கும் வேலைக்குப் போகலாம். தேறாவிட்டால் அதே நாற்காலி, இல்லையென்றால் வீடு.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ‘ஸ்டாப்’, ‘டோர்’, ‘சிட் டவுன்’. ஆனாலும் புருஷன் என்ற முறையில் ஏதாவது செய்ய வேண்டுமே என்று, சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் தடிமனான புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். படத்தை வர்ணிக்க ஐந்நூறு சொற்கள் என்று அட்டையில் போட்டிருந்தது. அவள் இரண்டு நாள் புரட்டிவிட்டு, முகத்தைச் சுளித்து, மேசைமேல் மூன்று பழைய பிஸ்கட் டின் மூடிகளைத் தட்டுகள்போல வரிசையாக வைத்தாள். நாள்காட்டியில் கிழித்த தாள்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, பின்பக்கத்தில் ஒவ்வொரு சொல்லாக எழுதினாள்.

“இது என்ன விளையாட்டு?” என்றேன்.

“எங்க லைன்ல இப்படித்தான். இது நல்லது. இது மறுபடி வேல செஞ்சா தேறும். இது கழிச்சிக் கட்டுறது.”

அவள் விதி கறாரானது. சொல்லை மனப்பாடம் செய்துவிட்டால் மட்டும் அது முதல் தட்டுக்குப் போகாது. கண்ணால் பார்த்த ஒன்றுக்கு, தடுமாறாமல், மூன்று வெவ்வேறு நாள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதுவரை நடுத்தட்டு. புத்தகத்தில் இருந்த பகட்டான சொற்களெல்லாம், நான் காசு கொடுத்து வாங்கியவை என்ற தாட்சண்யம்கூட இல்லாமல், மூன்றாவது தட்டுக்குப் போயின. “இந்த வார்த்தைய நான் சொன்னா, யார்கிட்டயோ இரவல் வாங்கின சேலை மாதிரி இருக்கும்லா” என்றாள். சாய்ந்து நிற்கிறார், குனிந்து எடுக்கிறார், வரிசையில் காத்திருக்கிறார், எட்டிப் பார்க்கிறார், கையால் வெயிலை மறைத்துப் பார்க்கிறார்: இவைதான் முதல் தட்டில் சேர்ந்தன. மனிதர்கள் எதையாவது செய்துகொண்டே இருக்கிறார்கள், அந்தச் செய்கைகளுக்குச் சொல் இருந்தால் பாதிப் படம் முடிந்தது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். எந்தப் புத்தகமும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை.

குறையை முதலில் சொல்லும் பழக்கத்துக்கும் அவளே மருந்து வைத்தாள். “மொதல்ல ட்ரே முழுசயும் பாக்கணும். அப்புறந்தான் ஒவ்வொரு பீசா.” அதன்படி, எந்த இடம், எத்தனை பேர், என்ன நடக்கிறது என்று மூன்று வாக்கியம் சொன்ன பிறகுதான் பொத்தானுக்கு அனுமதி.

அவளுக்கு ஓய்வு நாளும் எனக்குப் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வந்தால் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். படம் வேண்டாம், ஊரே போதும் என்பாள். முதலில் போனது புக்கிட் செலம்பாவ், அவள் பிறந்த பக்கம். தெரிந்த இடத்தில் பேச்சு கொட்டும் என்று நினைத்தோம். அங்கேதான் அதிகம் திணறினாள். தோட்டத்தில் கம்பை நீட்டிச் செம்பனை மரத்துக் குலையை அறுக்கும் ஆளைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்தது, ஆங்கிலத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கம்புக்கு என்ன பெயர், குலைக்கு என்ன பெயர் என்று போனில் தேடப் போனவள், நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஆங்கிலத்தில், ‘நீளமான கம்பு, அதன் நுனியில் வளைந்த கத்தி, அவர் அண்ணாந்து பார்த்தபடி இழுக்கிறார், கனமானது ஒன்று விழப்போகிறது, அதனால் இரண்டடி தள்ளி நிற்கிறார்’ என்று சொல்லி, எனக்குத் தமிழிலும் சொன்னாள். குலை விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெயர் தெரியாவிட்டால் அது எப்படி இருக்கிறது, என்ன செய்கிறது என்று சொன்னால் போதும் என்பது அன்று அவளுக்குக் கிடைத்தது. பெயர் சொல்லியிருந்தால் எனக்கு அந்த ஆள் இரண்டடி தள்ளி நின்றது தெரிந்திருக்காது.

கோலா கெடாவில் நான் ஒரு தப்பு செய்தேன். மீன் பாசாரில் நின்று படகு, வலை, ஐஸ் பெட்டி என்று அவள் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். லங்காவித் தீவுக்கு ஃபெர்ரி ஏறப் போகிற கூட்டம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு எங்களைக் கடந்தது. இரண்டு இளம்பெண்கள் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தப் பெண்களிடம் காட்ட வேண்டிய கோபத்தை இவளிடம் காட்டினேன்.

“மெதுவா பேசு புள்ள, மானம் போகுது.”

அவள் பேச்சை நிறுத்தினாள். வேனில் ஏறினாள். அலோர் ஸ்டார் தாண்டியது. குரூண் வந்தது. அப்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

“மானம் போகும்னு தெரிஞ்சுதாங்க நான் போறேன். ரெண்டு தடவ போயாச்சு. மிச்சம் மீதி இருக்கிறத எடுத்துக்கிட்டு மூணாவது தடவயும் போவேன்.”

நான் வண்டியை ஓரம் கட்டினேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு தே தாரேக் வாங்கி, தேநீரை உயரத் தூக்கி நீளமாக இழுத்து ஆற்றிக்கொண்டிருந்த ஆளைக் கைகாட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி உரக்க, கடை முழுக்கக் கேட்க, “மேன் புல் டீ! டீ வெரி லோங்! வெரி ஹாட்!” என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவள் சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“அவர ‘மேன்’னு சொல்லிட்டீங்க” என்றாள் பிறகு, சீரியஸாக. அந்த விஷயம் அவளை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து அதற்கும் முடிவு கட்டினாள். வயதானவர்களுக்கு ‘ஜென்டில்மேன்’. பெண்களுக்கு ‘லேடி’. மரியாதை ஒரு பிடி கூடினால் மார்க் குறையாது என்பது அவள் கணக்கு. தேர்வு நடத்துகிறவர்களுக்காக அவள் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அதற்கேற்ற சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டாள். எனக்கு அவளிடம் பிடித்ததே இதுதான்.

தேர்வு நாளன்று காலை நேரத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராகத் தொழிற்சாலைக்குப் போனேன். வாசலுக்கு எதிரே வேனை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு அவள் வெளியே வந்தாள். நடையிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, “பாஸ்” என்றாள். “வெளிய ஒக்கார வெச்சி, கூப்பிட்டு, அப்பவே சொல்லிட்டாங்க. அடுத்த வாரத்துலேருந்து ஸ்கோப் இல்ல.”

நான் போட்ட சத்தத்தில் காவலாளி வெளியே வந்து பார்த்தார். படம் என்ன, படம் என்ன என்று அவளைப் பிடுங்கி எடுத்தேன்.

“மழையில பஸ் ஸ்டாப். ஏழு பேர். மொதல்ல எடம் சொன்னேன், மழை சொன்னேன். ஒரு லேடி செருப்பக் கையில பிடிச்சிருக்காங்க, அதச் சொன்னேன். ரெண்டு பிள்ளைங்க ஒரே குடையில. அதச் சொன்னேன். அப்புறம் கடைசியா வலது ஓரத்துல ஒரு ஜென்டில்மேன்.” மடியிலிருந்த பையை நகர்த்தி வைத்தாள். “அவரு கையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல.”

“பேர் தெரியலயா?”

“கண்ணு தெரியலங்க.”

எனக்கு விளங்கவில்லை. அவள் தொடர்ந்தாள். ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஏழு பேரில் ஆறு பேர் போதும். ஆனால் சோதிக்காத பொருளைச் சோதித்ததாக நகர்த்தி அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் தேர்வு நடத்திய மூன்று பேரிடமும் ஆங்கிலத்திலேயே சொல்லியிருக்கிறாள்: ‘அவர் கையில் இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. என் வலது கண்ணில் புகை படிந்திருக்கிறது. ஆனால் அவர் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறார், முதுகை மழைக்குக் கொடுத்திருக்கிறார். தான் நனைந்தாலும் அது நனையக் கூடாது என்று நினைக்கிறார். அது யாருக்கோ அவர் கொண்டுபோகும் பொருள்.’

“அந்த வெள்ளக்கார அம்மா பேனாவ கீழ வெச்சிட்டாங்க. எவ்வளவு நாளா இப்படின்னு கேட்டாங்க. தீபாவளிக்கு முந்தியேன்னு சொன்னேன். இடது கண்ணாலதான் எல்லாம் பாக்கறேன், ஒரு பீசு தப்பிப் போனதில்ல, கம்பெனி ரெக்கார்டுல எழுதி வெச்சிருக்கு, பாருங்கன்னு சொன்னேன். அதுவும் இங்கிலீஷ்லதான்.”

சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருடம் ஒரே வீட்டில் இருக்கும் எனக்கு அலுப்பு என்று தமிழில் சொன்னவள், முன்பின் தெரியாத மூன்று பேரிடம் புகை என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா வேலைய விட்டுட்டு வீட்ல இருன்னு சொல்லியிருப்பீங்க.”

சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். இந்தத் தேர்வுக்கு அவள் மூன்றாவது தடவை போயிருக்கவே மாட்டாள். மத்தியானப் பிள்ளைகளை ஏற்ற இன்னும் நேரம் இருந்தது, அதற்குப் பிறகு நேராக அலோர் ஸ்டாருக்குக் கண் டாக்டரிடம் போகிறோம் என்றேன். சரி என்றாள். சாவியைத் திருகப் போனவன் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓட்டுகிறவன் நான், அவளுக்கு வலப்பக்கம் இருந்தேன்.

முன்கண்ணாடியைப் பார்த்தபடியே அவள் கேட்டாள். “என்னங்க, அழுவுறீங்களா? அந்தப் பக்கம் எனக்குச் சரியாத் தெரியல. வாயத் திறந்து சொல்லுங்க.”

ஆமாம் என்று சொன்னேன்.