களவெட்டியில் கால் வைத்த துரைச்சாணி

காத்தான்குடியிலிருந்து சீலை விற்க வரும் ஆயிஷா உம்மா, களுதாவளைத் தென்னந்தோட்ட வங்களாவின் குசினி வாசலில் மூட்டையை இறக்கியதும் இறக்காததுமாகக் கேட்டாள்.

"என்ன கா அன்னப்பூரணி, உங்கட துரைச்சாணி களவெட்டிக்குள்ள ஏறி நாகம் பிடிச்சாவாம். பூதம் வந்து மூண்டு வண்டி நெல்லை அள்ளிட்டுப் போயிட்டாம். ஆரையம்பதிச் சந்தையில இதான் கதை."

"மூண்டு வண்டிதானா? சந்தைக்காரருக்கு வாய் சுருங்கிப் போச்சு போல," என்றாள் சமையற்காரி அன்னப்பூரணி. சொன்னாளே தவிர, கையிலிருந்த அகப்பையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய் ஹெலேனாவிடம் ஒன்று விடாமல் ஒப்புவித்தாள்.

ஹெலேனா போலந்துக்காரி. அங்கே பிரபுக் குடும்பம். தகப்பன் இறந்தபின் காட்டையும் கோதுமை வயலையும் அவள்தான் பார்த்தாள். எஞ்சினியரான புருசனோடு இலங்கைக்கு வந்தாள். அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, கொழும்பில் பிறக்டராக, அதாவது வழக்கறிஞராக, இருந்த இராசதுரையின் காணிகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே இந்தத் தென்னந்தோட்டம். மேற்கே, படுவான்கரையில் நெல்வயல் வட்டை. மிச்ச நேரமெல்லாம் பூச்சியும் சிப்பியும் நண்டும்தான். பதப்படுத்திப் பெட்டி பெட்டியாகத் தன் ஊர் நூதனசாலைக்குக் கப்பலில் அனுப்புவாள். போன புரட்டாதியில் ஜேர்மன்காரன் ஒரு பக்கமும் ரஷ்யன் மறுபக்கமும் போலந்துக்குள் புகுந்தபின், அங்கிருந்து ஒரு வரி வரவில்லை.

வேலை கொடுத்த அன்று இராசதுரை ஒன்றே ஒன்றைத்தான் யோசித்தார். நெற்கதிரைச் சூடடிக்கும் களமான களவெட்டியில் பெண்கள் ஏறக்கூடாது. ஏறினால் அடித்த நெற்பொலி குறையும், பூதம் அள்ளும் என்று சனம் நம்பியது. "அறுவடையை வரம்பில் நின்றே பார்ப்பேன்," என்று ஹெலேனா வாக்குக் கொடுத்தாள். போன அறுவடைகளில் குடையும் தொப்பியுமாக வரம்பிலேயே நின்றாள். கால் பிசகவில்லை.

இந்த மாசியில் பிசகியது. வைக்கோலின் மேல் பச்சையாய் மின்னிய ஒரு வண்டு. அவள் ஊர்ப் பேராசிரியர் எத்தனையோ கடிதங்களில் கேட்டிருந்த வண்டு. அதை அனுப்ப இப்போது ஆளும் இல்லை, விலாசமும் இல்லை என்பது போத்தலை மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது. தலை நிமிர்ந்தபோது சூடு மிதித்த எருமைகள் நின்றுவிட்டிருந்தன. ஆட்களும் நின்றிருந்தார்கள். அவள் களவெட்டியின் நடுவில் இருந்தாள்.

"ஏறல்ல எண்டு சொல்லுங்கவன்," என்றாள் அன்னப்பூரணி. "நாகம் எண்டது பொய்தானே. அதோட சேத்து மத்ததையும் பொய்யாக்கிப் போடுவம்."

"வினாயகமூர்த்தி பார்த்தார்," என்றாள் ஹெலேனா.

வயல் வேலைகளுக்குத் தலைவரான அந்த வினாயகமூர்த்தியே மத்தியானம் தோணியேறி வந்து முற்றத்தில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கோவியாதீங்க அம்மா. ஆளுகள் இனிக் களவெட்டியில வேலைக்கு இறங்கமாட்டானுகள்."

"வண்டைத் திருப்பித் தருகிறேன்."

"அதை வெச்சு நாங்க என்ன செய்ய? கறியா வெக்கிற?" சிரிப்பு வந்த வேகத்திலேயே போனது. "மழை கறுக்குது. வெட்டின கதிரெல்லாம் அடிக்காமச் சூடு சூடா, போர் போராக் குவிஞ்சு கிடக்கு. நனைஞ்சா முளைச்சிரும். சனமெல்லாம் பசியில கிடக்கும். வயலுக்குப் பொறுப்பா ஆம்புளப் போடியார் ஒருத்தர் வந்து களவெட்டிக்குப் பூசை வெச்சா மறுகா இறங்குவானுகள். கொழும்பு ஐயாவே வந்தாலும் சரி, வேற ஆரையும் போட்டாலும் சரி."

"இந்தப் போகத்துக்கு மட்டுமா?"

வினாயகமூர்த்தி தென்னைகளைப் பார்த்தார். "அதை ஐயாதான் சொல்லோணும்."

ஹெலேனாவுக்கு விளங்கியது. ஆண் போடியார் ஒருவர் வந்துவிட்டால் பிறகு அவள் எதற்கு? இந்த வங்களாவை விட்டால் போக வேறு இடம் இல்லை. கடவுச்சீட்டு இருக்கிறது, அதைக் கொடுத்த நாடு இல்லை. இருந்தும் தொப்பியை எடுத்தாள். நெல் முளைத்தால் பட்டினி கிடப்பது அவள் அல்ல.

மட்டக்களப்புத் தபாற்கந்தோரில் கொழும்பிலுள்ள இராசதுரைக்கு அழைப்புக் கேட்டு வெகுநேரம் காத்திருந்தாள். வினாயகமூர்த்தி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தபடியே இருந்தார். சொல்ல வேண்டியதை அவள் தனக்குள் இங்கிலிசில் ஒழுங்குபடுத்தினாள். முதலில் மன்னிப்பு, பிறகு மழை, கடைசியில் வேறு ஆள். நடுவில் எங்கேயாவது, 'தோட்டத்தை மட்டுமாவது எனக்கு விடுங்கள்' என்று செருக முடியுமா என்று பார்த்தாள். எங்கே வைத்தாலும் அது பிச்சை கேட்பதாகவே ஒலித்தது.

"இணைச்சாச்சு, பேசுங்க," என்றார் கந்தோர்க்காரர்.

கருவியைக் காதில் அழுத்திப் பிடித்தாள். தொலைவில், கொழும்பில், மணி அடித்தது. விட்டு விட்டு அடித்தது. வெளியே தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. வினாயகமூர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயா என்ன சொல்றார்?"

"இன்னும் எடுக்கல்ல," என்றாள் ஹெலேனா.

"வைக்கட்டா அம்மா?" என்றார் கந்தோர்க்காரர்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.