மொட்டை ஆணி

"கண்ணாடியைக் கழட்டுங்கோ, ஆணி ஆடுது" என்று கையை நீட்டுகிறாள் சுலோஜனா. அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்தவர் விழிப்பதற்குள் நகத்தாலேயே ஆணியை இறுக்கித் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இரண்டு நிமிடம் சும்மா இருக்க ஏலாது. தேநீரையும் நின்றபடிதான் குடிப்பாள். கடற்காற்றில் துருவேறிய திருகாணி எந்த வீட்டில் அடம்பிடித்தாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். வெட்டுத் தேய்ந்து மொட்டையான தலைமேல் ரப்பர் வளையத்தை வைத்துத் திருப்புளியால் அழுத்தித் திருகுவாள். அசையாவிட்டால் தேங்காய் எண்ணெய் விட்டுக் கரண்டிக் காம்பால் தட்டுவாள். "ஆணியோட கோவிக்கக் கூடாது" என்பாள். அதிகம் கோபிப்பவளும் அவள்தான்.

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ஜெஸீமா ஓடி வந்தாள். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் மகள் ஸல்ஹாவுக்கு நிக்காஹ். மகளை ஒப்புக்கொடுக்க வேண்டிய வாப்பா முனீப், கால் வழங்காதவர். அவர் கையால் உருட்டிச் செல்லும் சில்லுக் கதிரையின் பிறேக் இறுகிவிட்டது. கழற்றப் போனதில் ஆணித்தலையும் மொட்டை.

வீடு இருக்கும் ஒழுங்கையின் முடிவில்தான் பள்ளிவாசல். மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் கதிரையோடு தூக்க வந்து நின்றார்கள்.

"தூக்கிட்டுப் போக நான் என்ன அரிசி மூட்டையா?" என்றார் முனீப். "எண்ட மகள்ட நிக்காஹ்வுக்கு நானேதான் உருட்டிட்டுப் போவன்."

சுலோஜனா தரையில் குந்தினாள். முதல் ரப்பர் வளையம் அறுந்தது. அடுத்ததும் அறுந்தது. எண்ணெயும் தட்டலும் வீண். "அசையுதில்லையே, சனியன்!" என்று கத்தியவள், கல்யாண வீடு என்று நினைவு வர நாக்கைக் கடித்துக்கொண்டாள். பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. வீட்டுக்கு ஓடி, இரும்பறுக்கும் வாளின் முறிந்த துண்டோடு திரும்பினாள். அதைத் துணியில் சுற்றிப் பிடித்து, ஆணித்தலையின் குறுக்கே அறுத்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. விழுந்த வெட்டில் மேசைக்கத்தியின் முதுகைச் செருகினாள்.

"முனீப் நானா, கொஞ்சம் ஆடாம இருங்கோ."

ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு அரைச் சுற்றுச் சுற்றியது. பிறகு இலகுவாகக் கழன்றது. பிறேக் விட்டது.

முனீப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சில்லுகளில் கை வைத்தார். ஒழுங்கை மணலில் சில்லு இரண்டு தரம் புதைந்தது. பின்னால் வந்த சுலோஜனாவின் கைகள் தள்ளப் பாய்ந்தன. அவற்றை முதுகுக்குப் பின்னால் இழுத்து, ஒரு கையால் மற்றதன் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி, அவருடைய வேகத்துக்கே நடந்தாள்.