டீச்சர் அடித்த வரி

தேவகோட்டையில் முப்பத்தொரு வருஷம் கணக்குப் பாடம் எடுத்த ஷரபுன்னிசா டீச்சரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. பேச விட்டால்தானே. தப்பு விடை சொன்ன பிள்ளை மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். அதுதான் அவர் வகுப்பின் சட்டம். அதிக நாள் நின்றவள் ரேணுகா. "உனக்குக் கணக்கு வராதுடி" என்று எட்டாம் வகுப்பிலேயே அவளுக்குத் தீர்ப்பும் சொல்லியாயிற்று.

அந்த ரேணுகா இப்போது காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறாள். சனிக்கிழமை மதியங்களில் கடைக்குள்ளேயே சில பெண்களுக்கு ஊசிப் பின்னல் கற்றுத்தருகிறாள். ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்கப் பிடிக்காத டீச்சரும் அந்த வகுப்பில் சேர்ந்தார். சாதாரணப் பின்னல் வரை பழுதில்லை. ஓட்டை ஓட்டையாகப் பூ விழும் லேஸ் பின்னலில்தான் வந்தது வினை.

ஊசியில் முப்பத்தாறு கண்ணி, அதாவது நூல் வளையம். 'நூலை ஊசிமேல் ஒரு சுற்று சுற்று, அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கு' என்று ரேணுகா தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு வரிசையில் இப்படி ஆறு இடம். டீச்சர் மனக்கணக்குப் போட்டார். சுற்றினால் விழுவது ஓட்டை. ஓட்டைக்கு மதிப்பு பூஜ்யம். ஆறு இடத்தில் இரண்டை ஒன்றாக்கினால் முப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் முப்பதுதான் மிஞ்சும்.

"கணக்கு உதைக்குதே ரேணுகா. ரெண்டைச் சேக்கவே கூடாது."

"நான் இப்படித்தான் டீச்சர் போடுவேன்."

"எண்ணிப் பாத்தியா?"

ரேணுகா எண்ணியதில்லை. அவளுக்கு எல்லாம் கைப்பழக்கம். பழைய வகுப்புக் குரலைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டாள். டீச்சர் பேனாவால் அந்த வரியை அடித்தார். பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த சோலையம்மாளும் அகல்யாவும் தங்கள் தாளில் அடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் ஒரு வரிசை போட்டுவிட்டு எண்ணினால் நாற்பத்திரண்டு. மூன்று தரம் எண்ணினாலும் நாற்பத்திரண்டு. சுற்றிய நூல் ஒவ்வொன்றும் புதுக் கண்ணியாக ஊசியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அப்படிக் கூடுவதைக் கழிக்கத்தான் இரண்டைச் சேர்ப்பது என்று அப்போதுதான் புரிந்தது. டீச்சருக்கு முகம் சுட்டது. போனை எடுத்து ரேணுகாவின் பெயர்வரை போனவர், கீழே வைத்துவிட்டார். பின்னலைப் பிரித்து, ரேணுகா எழுதியபடியே திரும்பப் போட்டார். யாருக்குத் தெரியப்போகிறது என்று அன்று நினைத்தாரே, அதை நினைத்தால் இன்றும் அவருக்கு உடம்பு கூசும்.

சனிக்கிழமை சோலையம்மாளின் பின்னல் பாவாடை மாதிரி விரிந்து கிடந்தது. மூன்று பூ வரிசைக்குள் ஐம்பத்துநாலு கண்ணி. அகல்யாவுடையதும் அதே கதி. "ஒரு வாரப் பாடு வீணாப் போச்சு" என்றாள் அகல்யா. ரேணுகா கடைசியாக டீச்சருடையதை வாங்கி எண்ணினாள். முப்பத்தாறு.

"டீச்சரோடது மட்டும் சரியா வந்திருக்கு. நான்தான் எங்கயோ தப்பாச் சொல்லிட்டேன். எனக்குத்தான் கணக்கு வராதே" என்று சிரித்தாள்.

டீச்சர் எழுந்து நின்றார்.

"நீ எழுதினது சரி. நான் அடிச்சதுதான் தப்பு. செவ்வாய்க்கிழமையே தெரியும். வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல."

ரேணுகாவும் மெல்ல எழுந்து நின்றாள்.

"நீ எதுக்கு எந்திரிக்கிற?"

"நீங்க நிக்கிறீகளே டீச்சர். நான் எப்படி உக்கார?"

"உக்காரு ரேணுகா" என்றார் டீச்சர். "நீ நின்னது போதும்."