அப்பாவுக்கு வெடி வேண்டாம்

அப்பாவின் இறுதி ஊர்வலத்தில் ஒரு வெடிகூடப் போடவில்லையே என்று ஓராண்டாகக் குறைபட்டுக்கொள்ளும் உறவினர்களுக்கும், குறை சொல்லாத நண்பர்களுக்கும் என் வணக்கம். அதற்கான பதிலையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல.

எங்கள் அப்பா சிலமலையில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டின் மூத்த மகனாகப் பிறந்தார். போடியில் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தார். வங்கதேசப் போர் முடிந்ததும் அவர் எழுதிய கடிதத்தைத் தாத்தா ஊர் கேட்க வாசித்தாராம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

“ஐயா, சண்டை முடிஞ்சிருச்சு. முகாமே கொண்டாட்டமா இருக்கு. சாப்பாட்டுத் தட்டத் தட்டிக்கிட்டு ஆடுறாங்க. சந்தோசத்துல வானத்தப் பாத்துச் சுட்டாங்க. மேல போன குண்டு கீழ வரும்னு ஒருத்தரும் நெனைக்கல. என் பக்கத்துப் படுக்கைக்காரன், நம்ம போடி மெட்டுக்கு அந்தப் பக்கத்து மலையாளத்தான், சண்டை பூரா தப்பிச்சவன், கொண்டாட்டத்துல போயிட்டான். நான் ஊருக்கு வர்றப்ப யாரும் வெடி போடக் கூடாது.”

கேட்டவர்கள் அழுதார்கள். அழுதுவிட்டு வெடியும் வாங்கி வைத்தார்கள். ஜெயித்து வருகிற பிள்ளைக்கு வெடி போடாமல் எப்படி? அப்பா வந்த பஸ் சிலமலையில் நின்றதும் சரவெடி வெடித்தது. அப்பா இறங்கவில்லை. ராசிங்காபுரம் வரை போய் இறங்கி, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தார். ராசிங்காபுரத்தில் பிறந்த அம்மா, “பொண்ணு பாக்கத்தான் எங்கூர்ல எறங்குனாரு” என்று கடைசிவரை கேலி செய்வார்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டினார். அளவுக்கு மேல் ஒருவரையும் ஏற்ற மாட்டார். மலையேறி மெட்டுக்கு அந்தப் பக்கம் போனால், இறந்த நண்பரின் தாயாரைப் பார்க்காமல் திரும்ப மாட்டார். தீபாவளிக்கு எங்களுக்கு மத்தாப்பு உண்டு, வெடி கிடையாது. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சரத்தைப் பிரித்தபோது, “வெடியா, பொண்ணா? ஏதாச்சும் ஒண்ணுதான்” என்று மண்டப வாசலை மறித்து நின்றவர் அவர். அந்தப் பிடிவாதம் எனக்கும் வந்திருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான்.

கடைசி நாட்களில் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆத்தா, என்னையத் தூக்கிட்டுப் போறப்பவும் வெடி வேணாம்” என்றார். சரிப்பா என்றேன்.

பேரன் பேத்தி பார்த்தவர் போனால் எங்கள் பக்கத்தில் அது கல்யாணச் சாவு. கொட்டும் வெடியும் இல்லாமல் பாடைத் தேரைத் தூக்க மாட்டார்கள். அப்பாவின் தம்பியான சித்தப்பா வெடி மூட்டையோடு வந்து நின்றார்.

“நாலு பேரு என்ன சொல்லுவாக ஆத்தா? அநாதைப் பொணமா இது?”

“சொல்றவுக சொல்லட்டும் சித்தப்பா. மொத வெடி வெடிச்சா தேரு வாசலத் தாண்டாது.”

“பொம்பளப்பிள்ளைக்கு இதுல என்ன பேச்சு?” என்று கூட்டத்தில் ஒருவர் சத்தம் போட்டார். நான் தேருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சித்தப்பா அப்பாவின் முகத்தையே பார்த்தபடி நின்றார். பிறகு, “அன்னைக்குப் பஸ்சுக்கிட்டச் சரத்தக் கொளுத்துனது நாந்தேன். எங்கண்ணே எறங்காமப் போயிட்டாரு. இன்னைக்காச்சும் அவரு சொன்னபடி போகட்டும்” என்றார். மூட்டையைத் தூக்கிப்போய் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிவிட்டு, தேருக்கு முதல் தோள் கொடுத்தார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஜீப்புகளை நிறுத்திவிட்டு உடன் நடந்து வந்த ஓட்டுநர்களுக்கும், மெட்டைத் தாண்டி வந்திருந்த நண்பர் குடும்பத்தாருக்கும், எல்லோருக்கும் மேலாகச் சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வருகிற தை மாதம் அப்பாவின் பேத்திக்குக் கல்யாணம். கோபத்தில் இருப்பவர்களும் அவசியம் வாருங்கள். வெடியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மண்டப வாசலில் நான் நிற்பேன்.