முதல் சொட்டு

பேக்கரியில் அவளுக்குப் பெயர் க்ரீமக்கா. முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார், பால் ஊற்ற வருகிறவரும் அப்படித்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கேக்கின் மேல் பூ வைப்பதும் பெயர் எழுதுவதும் அவள் வேலை. பட்டர் பேப்பரைச் சுருட்டிக் கூம்பாக்கி, க்ரீமை நிரப்பி, நுனியைக் கத்தரித்துவிட்டால் அதுதான் பேனா. மற்ற கடைக் கேக்குகளில் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இவள் எழுதினால் ஒவ்வோர் எழுத்தும் சம்மணம் போட்டு உட்காரும். வெட்டுவதற்கு மனசு வரவில்லை என்று வாடிக்கையாளர்கள் கடைக்கே வந்து சொல்வார்கள். அவள் அதைக் காதில் வாங்காதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, அன்று முழுக்க யாரிடமும் சிடுசிடுக்காமல் இருப்பாள்.

அந்தக் கைக்குத்தான் வந்தது வினை. முதலில் காலையில் மட்டும் விரல்கள் மடங்க மறுத்தன. பிறகு கணுக்கள் சிவந்து வீங்கின. மூட்டு அழற்சி என்றார் டாக்டர். கூம்பைப் பிழியும்போது கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை ஒரு வலி ஓடும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். தைலம் தடவிப் பார்த்தாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று, பிறந்தநாள் கேக் ஒன்று தைல வாசனை அடிக்கிறது என்று திரும்பி வந்த நாளிலிருந்து. "ஜலதோஷம் பிடிச்சவங்களுக்குன்னு தனியா ஒரு கேக் போடலாம் போல" என்று ஓவன் மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவள் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். துருப்பிடித்த போல்ட்டை அவசரப்பட்டுத் திருகக் கூடாது என்பது அவர் கொள்கை. தினமும் காலையில் வெந்நீரில் அவள் கைகளை வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நிதானமாக மடக்கிவிடுவார். பற்பசை மூடியைத் திறந்து கொடுப்பார், ரவிக்கைக் கொக்கியை மாட்டிவிடுவார். கல்யாணமான புதிதில்கூட இப்படிக் கவனித்ததில்லை என்று அவள் குத்திக் காட்டுவாள். "அப்ப நீ புது வண்டி" என்பார் அவர்.

ஒருநாள் முதலாளி தயங்கித் தயங்கி அவள் மேஜை பக்கம் வந்தார். அப்பாவிடமிருந்து கடையை வாங்கி நடத்துகிற இளவயதுக்காரர், நல்ல மனிதர். அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

"அக்கா, கஷ்டமா இருந்தா நீங்க பில் போடற இடத்துல உக்காந்துக்குங்க. எழுதறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். இப்பல்லாம் எழுத்து அச்சடிச்ச, சாப்பிடற தாள்கூட வருது, அப்படியே கேக் மேல ஒட்டிடலாம்."

தாளை ஒட்டுவதாம்!  மழைக்காலம் முடிகிற வரைக்கும் பொறுங்கள், குளிருக்குத்தான் வலி அதிகம் என்று சொல்லித் தவணை வாங்கினாள். அன்று வீட்டுக்கு வந்து, "பில்லு போடற மிஷின் முன்னாடி உக்காந்தா நான் செத்துப் போயிடுவேங்க" என்று அழுதாள்.

டாக்டரம்மா கறாரான பேர்வழி. மாத்திரையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார். அதோடு, "சாப்பாட்டையும் மாத்திப் பாருங்க. சர்க்கரை, மைதா, எண்ணெயில பொரிச்சது, இதையெல்லாம் குறைங்க. மீன், கீரை, பயறு, பருப்பு, பழம் நிறைய சேருங்க. சிலருக்கு நல்லாப் பலன் தெரியும், சிலருக்குத் தெரியாது. ஆனா மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடக் கூடாது" என்றார்.

பேக்கரியில் வேலை பார்க்கிறவளிடம் சர்க்கரையையும் மைதாவையும் விடு என்பது, மீனிடம் ஈரம் ஆகாது என்பது மாதிரிதான். ஆனால் அவள் பிடிவாதக்காரி. வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவை அன்றே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். மெக்கானிக் சமையலறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். இன்ஜினுக்கு எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று பார்க்கிற அதே கண்டிப்பு கீரைக்கும் மீனுக்கும் வந்தது. வாதுமைக் கொட்டைகளை ஒரு பழைய நட்டு டப்பாவில் போட்டு வைத்து, காலையில் எண்ணி எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பார். நல்லவேளை, டப்பாவை முதலில் கழுவியிருந்தார்.

வாரங்கள் ஓடின. வலி இருந்த இடத்திலேயே இருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது.

"கீரை தின்னு தின்னு பல்லு பச்சையானதுதான் மிச்சம்" என்று தட்டைத் தள்ளினாள். டாக்டரம்மா, "வேற எங்கயாவது இனிப்பு உள்ள போகுதா?" என்று கேட்டபோது, "சத்தியமா இல்ல டாக்டர், டீகூட வெறும் டீதான்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் மனசார நம்பிக்கொண்டிருந்தாள்.

குட்டு உடைந்தது மூக்குக் கண்ணாடியால். ஒருநாள் அதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மெக்கானிக் எடுத்துக்கொண்டு பேக்கரியின் பின்வாசல் வழியாக வந்தார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்வதை இத்தனை வருஷத்தில் அவர் நின்று பார்த்ததே இல்லை. அழகாக இருக்கிறதே என்று அப்படியே நின்றார்.

கூம்பை எடுத்தாள். காற்று போவதற்காக முதல் சொட்டை இடதுகை ஆள்காட்டி விரலில் பிழிந்தாள். விரல் வாய்க்குப் போயிற்று. கையைக் கழுவினாள், எழுதினாள். அடுத்த நிறத்துக்கு அடுத்த கூம்பு. முதல் சொட்டு விரலுக்கு, விரல் வாய்க்கு. பிறகு புதிதாக அடித்த க்ரீம் வந்தது. கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்து, இன்னும் கொஞ்சம் எடுத்து யோசித்தாள். மெக்கானிக் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சொட்டு வாய்க்குப் போகும்போது உள்ளே நுழைந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"என்ன பண்றே?"

"ஐயோ, பயந்தே போயிட்டேன். வேலை பாக்கறேன், வேற என்ன?"

"வாயில என்ன?"

"க்ரீம்."

"இனிப்பே சாப்பிடறதில்லன்னு டாக்டர்கிட்ட சத்தியம் பண்ணே?"

"யாருங்க சாப்பிட்டா? இது ருசி பாக்கறது. காத்து எடுக்கணும்ல, அந்தச் சொட்டை எங்க விடறது? துணியில தடவினா வீணாத்தானே போகும்?"

"அது சரி. இன்னிக்கு எத்தனை கேக்?"

 கேக்குக்கு மூன்று நிறம், நிறத்துக்கு ஒரு கூம்பு, கூம்புக்கு ஒரு சொட்டு என்று கணக்கு அவள் தலைக்குள் தானாக ஓடியது. முகத்தில் ஈயாடவில்லை. அடுப்புப் பக்கமிருந்து ஓவன் மாஸ்டர் தலையை நீட்டினார்.

"அதான் பாத்தேன். மதியம் கீரை டப்பாவை அப்படியே மூடி வைக்கிறீங்களே, பசியே எடுக்கலயான்னு. காலையிலேருந்து கிண்ணத்தோட விருந்து சாப்பிட்டா எப்படி எடுக்கும் க்ரீமக்கா?"

அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது, தன் கைமேலேயே. வீட்டில் இத்தனை நாள் வாயைக் கட்டியதெல்லாம் வீண், இந்த ஒரு விரல் பின்வாசல் வழியாகச் சர்க்கரையை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

பழக்கத்தை விடுவதுதான் பெரும்பாடு. சொட்டைத் துணியில் தடவ வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டு ஆரம்பிப்பாள். எழுத்தில் கவனம் போனதும் விரல் தன் வழியில் போய்விடும். கடைசியில் மெக்கானிக் ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் அதைக் கழற்றிப் பார்த்தால், வாய்க்கு நேராக ரோஜா நிறத்தில் ஒரு திட்டு, அதன்மேல் பச்சை, அதன்மேல் சாக்லேட். ஓவன் மாஸ்டர் அதை மேஜைமேல் விரித்து, "இதையும் கண்ணாடி அலமாரியில வச்சா வித்துடும்" என்றார்.

அதிலிருந்து வீட்டில் தினமும் முகக்கவசச் சோதனை நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மெக்கானிக் கையை நீட்டுவார். திட்டு பெரிதாக இருந்தால் மீனைக் குழம்பு வைப்பதற்குப் பதிலாக ஆவியில் வேக வைத்துவிடுவார். அது அவளுக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். திட்டு நாளாக நாளாகச் சுருங்கி, ஒருநாள் முகக்கவசம் வெள்ளையாகவே வீட்டுக்கு வந்தது.

க்ரீமை ருசி பார்க்க யாராவது வேண்டுமே? ஓவன் மாஸ்டர்தான் அகப்பட்டார். அவருக்கோ இனிப்பைக் கண்டாலே ஆகாது. எதைக் கொடுத்தாலும் "திகட்டுது" என்றார். அவரை நம்பிச் சர்க்கரையைக் குறைத்த அன்று கேக் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று புகார் வந்தது. "நல்லாருக்கா இல்லையான்னு உங்களைக் கேக்கல மாஸ்டர். நேத்து மாதிரி இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க" என்று அவள் போட்ட போட்டில் சரியாக வந்தது. அவரும் மருந்து குடிக்கிற முகத்தோடு தினமும் ஒரு வாய் வைத்து, "நேத்து மாதிரியேதான் கண்றாவியா இருக்கு" என்று சான்றிதழ் கொடுப்பார்.

மழை ஓயும் சமயத்தில் விரல்கள் மெல்ல இறங்கி வந்தன. ஒரேயடியாக அல்ல. ஈரமான காலைகளில் இன்னும் முறைத்துக்கொள்ளும். ஆனால் சிவப்பு தணிந்தது, மோதிரம் மறுபடி உள்ளே போனது. மாத்திரையும் சேர்ந்துதான் வேலை செய்கிறது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. மெக்கானிக் மட்டும் எல்லாப் புகழும் தன் மீனுக்கே என்று பணிமனை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் மறுக்கவில்லை. வலி குறைந்தால் சரி, யார் பேரில் எழுதினால் என்ன?

மழை முடிந்தது. சொன்னபடி முதலாளி வந்தார், கையில் அந்த அச்சுத் தாள் மாதிரிகள். அதே நேரத்தில் முன்பக்கம் ஒரு மனிதர் பதற்றத்தோடு நின்றுகொண்டிருந்தார். மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாராம். ஒரு கிலோ கேக்கில், "நான் சொன்னதெல்லாம் தப்பு, நீ சொன்னதெல்லாம் சரி, வீட்டுக்கு வந்துடு" என்று முழுதாக எழுத வேண்டுமாம், உடனே.

"இவ்வளவும் ஒரு கிலோவுலயா? இதை எழுத முடியாதுங்க" என்று முதலாளி ஆரம்பித்தார்.

"உள்ள அனுப்புங்க" என்றாள் க்ரீமக்கா.

கூம்பைச் சுருட்டினாள். அன்று முகக்கவசம்கூட மாட்டியிருக்கவில்லை. முதல் சொட்டு இடது விரலில் விழுந்தது. ஓவன் மாஸ்டர் அடுப்புக் கதவைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார். விரல் நேராக ஈரத்துணிக்குப் போய்த் துடைத்துக்கொண்டு திரும்பியது. பிறகு வலது கை இறங்கி, விளிம்பிலிருந்து விளிம்பு வரை, பல்லைக் கடிக்காமல், ஒரு முறைகூட உதறிக்கொள்ளாமல் எழுதிக்கொண்டே போயிற்று. 'வந்துடு'வுக்கு அப்புறம் ஒரு பூ வைக்கவும் இடம் இருந்தது. அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக்கை வாங்கிப் போனார்.

முதலாளி கையிலிருந்த தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பில் போடற இடத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்க்கா" என்றார்.

மறுநாள் காலை அவள் தானே எழுந்து, ரவிக்கைக் கொக்கியை மாட்டி, பற்பசை மூடியைத் திறந்தாள். சுலபமாக வந்தது. சந்தோஷத்தில் திரும்பினால், வெந்நீர்ப் பாத்திரத்தோடு அவர் நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல மூடிக்காக வலது கையை நீட்டியபடி. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ செய்தது. திரும்பி நின்று மூடியை இறுக்கி மூடினாள்.

"இது திறக்கவே மாட்டேங்குதுங்க."

மூடி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, அதை இறுக்கியது எப்படிப்பட்ட கை என்பதெல்லாம் ஒரு மெக்கானிக்குக்குத் தெரியாதா என்ன? அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, மெனக்கெட்டுத் திறந்து கொடுத்தார்.